ஃப்ரீரேடியஸ்: சான்றிதழ் வைஃபை கற்றுத்தரும் கறாரான வாத்தியார்

நான் ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். எங்கள் பழைய வைஃபை பாஸ்வேர்டை கேண்டீன் மாஸ்டரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ஊருக்கே ஒரு பாஸ்வேர்ட் என்றால் அப்படித்தான். ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்து உள்ளே விடும் ஈஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாறலாம் என்று முடிவானதும், அதைக் கற்றுக்கொள்ள நான் எடுத்தது ஃப்ரீரேடியஸ். நெட்வொர்க்கில் யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் சர்வர் மென்பொருள் இது. 1999-இல் தொடங்கிய திறமூல மென்பொருள், காசு கிடையாது. உபுண்டு போட்ட ஒரு பழைய லேப்டாப், டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ் (ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சரிபார்க்கும் வைஃபை முறை) தெரிந்த ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்ததே சான்றிதழ்களைச் செய்துதரும் சர்ட்ஸ் ஃபோல்டர்தான். அதற்குள் போய் 'மேக் சிஏ', 'மேக் சர்வர்', 'மேக் கிளையன்ட்' என்று வரிசையாக அடித்தால் மூலச் சான்றிதழ் (மற்ற இரண்டுக்கும் கையெழுத்துப் போடுவது), சர்வர் சான்றிதழ், பயனர் சான்றிதழ் மூன்றும் கைக்கு வந்துவிடும். யார் யாருக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது அப்போதே புரிந்துவிடும். ஆனால் அதில் இருக்கும் மாதிரி அமைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதன் பாஸ்வேர்ட் 'வாட்எவர்', சான்றிதழின் ஆயுள் 60 நாள். சோதனைக்கு மட்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மில் யார் அதையெல்லாம் படிக்கிறோம்?

அடுத்தது, பிழை தேட உதவும் டீபக் முறை. மைனஸ் எக்ஸ் போட்டு சர்வரை ஓட்டினால், போன் கதவைத் தட்டுவதிலிருந்து 'ஆக்சஸ் அக்செப்ட்' (உள்ளே விடலாம்) வரை எல்லாம் திரையில் ஓடும். முதலில் பார்க்கும்போது தலை சுற்றும். ஆனால் 'அன்நோன் சிஏ' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், பெரும்பாலும் சர்வரின் மூலச் சான்றிதழைப் போன் நம்பவில்லை என்று தெரிந்துவிடும். சர்வர் மட்டும் போனைச் சோதிப்பதில்லை, போனும் சர்வரைச் சோதிக்கிறது. அதே பெயரில் பக்கத்தில் ஒருவன் போலி வைஃபை வைத்தாலும் போன் அங்கே போய் ஏமாறாமல் இருப்பது இதனால்தான். இதை எந்த வகுப்பையும்விட திரையில் ஓடும் அந்த லாக் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

குறை என்றால், விளக்கமெல்லாம் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்களின் கமென்டுகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும். புதிதாக வருபவர் மிரண்டுபோவார்.

போன் பக்கத்து இம்சைக்கு ஃப்ரீரேடியஸைக் குறை சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டில் சான்றிதழ் நிறுவும்போது 'வைஃபை சர்டிஃபிகேட்' என்ற வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விபிஎன் வகையில் போட்டால் வைஃபை பட்டியலில் அது தலைகாட்டாது. சர்வரைச் சரிபார்க்காமல் தாண்டிப்போகும் வசதியும் ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பல போன்களில் போய்விட்டது, சர்வரின் டொமைன் பெயரைக் கேட்கும். நல்லதுதான், ஆனால் அட்மினுக்கு வேலை கூடுதல். இன்னொன்று: சான்றிதழ் செய்யும் கருவியான ஓபன்எஸ்எஸ்எல் 3-இல் செய்த பி12 ஃபைலை (சான்றிதழும் அதன் சாவியும் சேர்ந்தது) ஆப்பிளின் மேக் கணினி திறக்காமல் பாஸ்வேர்ட் தப்பு என்று அடம்பிடிக்கலாம். பாஸ்வேர்டில் ஒன்றும் இருக்காது, உள்ளே இருக்கும் குறியாக்க முறை புதிது. 'லெகஸி' என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் திரும்பச் செய்தால் சரியாகிவிடும். ஐபோன்காரர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே புரொஃபைலாக (அமைப்பு ஃபைலாக) கொடுத்துவிடலாம், அவர்கள் பாடு நிம்மதி.

யாராவது போனைத் தொலைத்தால் அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்றவர்களுக்குத் தொந்தரவே இல்லை. இதற்காகவே இந்த முறைக்கு மாறலாம். அதற்கு, ரத்தான சான்றிதழ்களின் பட்டியலைப் பார்க்கச் சொல்லும் 'செக் சிஆர்எல்' அமைப்பை ஆன் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரத்துப் பட்டியலுக்கும் காலாவதி உண்டு, மாதிரி அமைப்பில் அது 30 நாள். அதைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள், முதல் போன் பிரின்சிபாலிடமிருந்து வரும். புதுப்பிக்கும் வேலையைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டுவிடுங்கள்.