கட்டபெட்டு பக்கம் ஜீப் எஞ்சின் வேல பாக்கற பட்டறை, என் அனுபவம்

பச்சத்தேயில ஃபேக்டரிக்கு ஏத்தற ஜீப்பு எங்களது, மகிந்திரா டிஐ எஞ்சின். போன மழைக்கு முன்னாடி கரும்புகை தள்ள ஆரம்பிச்சு லோடோட மேடு ஏறவே மாட்டேன்னுடுச்சு. எஞ்சினயே மாத்திடலாம்னு கீழ கோயம்புத்தூர்ல ஒரு கடையில 55,000 ரூபாய்க்கு பழைய எஞ்சின் ஒண்ணு எடுத்தேன். "வண்டியில ஓடவே இல்லீங்க, 15 வருஷமா குடோன்லயே இருக்கு, புதுசேதான்"னு சொன்னாங்க, ஸ்டார்ட் பண்ணியும் காட்டுனாங்க, சத்தமும் நல்லா இருந்துச்சு, நம்பிட்டேன்.

அத மாட்டறதுக்குத்தான் இந்த பட்டறைக்கு போனேன். கட்டபெட்டுல இருந்து கோத்தகிரி போற ரோட்டுல தகர ஷெட்டு, போர்டெல்லாம் கிடையாது. அண்ணனுக்கு 60 வயசு இருக்கும், எஞ்சின ஒரு சுத்து பாத்துட்டு மாட்ட முடியாதுன்னுட்டார். "ஓடுன எஞ்சின்னா எங்க தேஞ்சிருக்கும்னு எனக்கு தெரியும் தம்பி, சும்மா கெடந்தது உள்ள எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது, பிரிச்சு பாக்காம வெக்க மாட்டேன்"னார்.

என் கண்ணு முன்னாடியே பிரிச்சார். ஆயில் சீல எடுத்து ரெண்டு விரல்ல மடக்குனார், அப்பளம் மாதிரி ஒடஞ்சுது. அப்பறம் ரெண்டாவது சிலிண்டர்ல டார்ச் அடிச்சு, நகத்த வெச்சு மேல இருந்து கீழ இழுத்து பாருன்னார். இழுத்தேன், பாதி வழியில டக்குனு மாட்டுச்சு. பிஸ்டன் ரிங்கு 15 வருஷமா ஒரே எடத்துல நின்ன எடத்துல துரு வட்டமா தின்னு வெச்சிருக்கு. ஸ்டார்ட் பண்ணி கேட்டப்ப இதெல்லாம் எங்க தெரிஞ்சுது?

எனக்கு ராக்கெட் சமாச்சாரம்னா சின்ன வயசுல இருந்தே உசுரு, அந்த நிமிஷம் ஆண்டாரஸ்ங்கற அமெரிக்க ராக்கெட்தான் ஞாபகம் வந்துச்சு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், சோவியத்துக்காரங்க நிலாவுக்கு போறதுக்கு என்1னு ஒரு ராக்கெட் கட்டுனாங்க, 4 தடவ விட்டாங்க, நாலும் போச்சு, 1974ல நிறுத்திட்டாங்க, அதோட அடுத்த மாடலுக்குன்னு செஞ்ச என்கே-33 எஞ்சின்கள அழிக்க சொல்லி உத்தரவு வந்தும் அத செஞ்ச குஸ்நெட்சோவ் நிறுவன ஆளுங்க மனசு வராம குடோன்ல பூட்டி வெச்சுட்டாங்க. 1990கள்ல அமெரிக்காவோட ஏரோஜெட் கம்பெனி எஞ்சின் ஒண்ணுக்கு 11 லட்சம் டாலர்னு வாங்கி, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் புதுசா போட்டு ஏஜே26னு பேர் மாத்துச்சு. ஆர்பிட்டல் சயின்சஸ் கம்பெனி அதுல ரெண்ட ஆண்டாரஸுக்கு அடியில மாட்டி விண்வெளி நிலையத்துக்கு சரக்கு அனுப்புச்சு. மட்டமான எஞ்சின்னு சொல்லவே முடியாது, அந்த காலத்துலயே அப்படி ஒரு டிசைன். ஆனா 2011லயே டெஸ்ட்டுல ஒண்ணு தீப்புடிச்சுது, நாப்பது வருஷ உலோகத்துல விரிசல் விட்டு மண்ணெண்ணெய் கசிஞ்சிருக்கு. 2014 மே மாசம் டெஸ்ட்டுல இன்னொண்ணு வெடிச்சுது. அதே வருஷம் அக்டோபர் 28, வர்ஜீனியாவுல வாலப்ஸ் தீவு, அஞ்சாவது ஆண்டாரஸ் கெளம்பி 15 செகண்ட்லயே எஞ்சின் வெடிச்சு தளத்துக்கு பக்கத்துலயே விழுந்துச்சு. நல்லவேளை உயிர்ச்சேதம் இல்ல, சரக்கு மொத்தமும் போச்சு.

வயசானதாலதான் வெடிச்சுதுன்னு நாசா குழு சொல்லல, அதையும் சொல்லணும். ஆக்சிஜன் பம்ப்புக்குள்ள உரசி தீப்புடிச்சிருக்கு, காரணம் டிசைன் பலவீனமா இருக்கலாம், உள்ள போன தூசு துரும்பா இருக்கலாம், இல்ல செய்யறப்பவே பேரிங் பக்கத்துல விழுந்த கடைசல் கோளாறா இருக்கலாம்னு மூணு சொன்னாங்க. அந்த மூணாவதுதான் எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு. அக்டோபர்ல வெடிச்ச அந்த எஞ்சினும் ஓடவிட்டு பாத்து பாஸ் ஆனதுதான். மே மாசம் வெடிச்சதுலயும் அதே எடத்துல அதே கோளாறு இருந்திருக்கு. நாப்பது வருஷம் முன்னாடி லேத்துல நடந்த தப்பு அப்படியே உள்ள உக்காந்திருந்தா, செஞ்சவன் பக்கத்துல இல்லாம எவன் கண்டுபுடிப்பான்?

உடனே எஞ்சின திரும்ப யூஸ் பண்றதே தப்புன்னு யாரும் கெளம்பாதீங்க, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ஃபால்கன் 9 ராக்கெட் ஒரே எஞ்சின்கள வெச்சு பத்து தடவைக்கு மேலயும் பறக்குது. அங்க செஞ்ச கம்பெனியே ஒவ்வொரு தடவயும் திரும்பி வந்தத சோதிக்கறாங்க, எது தேயுதுன்னு கைல கணக்கு இருக்கு. குடோன் எஞ்சினுக்கு அந்த கணக்கே கிடையாது. ஆண்டாரஸும் புது ஆர்டி-181 எஞ்சின் மாட்டித்தான் 2016 அக்டோபர்ல மறுபடி பறந்துச்சு.

சரி பட்டறைக்கு வரேன். லைனர், பிஸ்டன் செட், சீல், கேஸ்கட், பேரிங் எல்லாம் புதுசு, கழட்டுன பழசெல்லாம் ஒரு சாக்குல போட்டு கைல குடுத்துட்டார். சாமான் கூலி எல்லாம் சேத்து 38,000. பதினோரு நாள் ஆச்சு, ரெண்டு நாளுன்னு வாக்கு குடுக்கற ஆள் இல்ல, சீசன்ல தேயில நிக்குதுன்னு கெஞ்சியும் அவசரப்படல, அதுல எனக்கு கோவம் வந்தது நெசம். போனும் எடுக்க மாட்டார், நேர்ல போனாத்தான்.

அஞ்சு மாசமாச்சு, ஃபுல் லோடோட கோத்தகிரி மேடு செகண்ட் கியர்ல ஏறுது, புகை இல்ல, ஆயில் ஒரு சொட்டு கொறையல. காலைல 10 மணிக்கு முன்னாடி போங்க, மத்தியானம் மழை வந்தா ஷெட்டு ஒழுகும், எஞ்சின் எதையும் தொறக்க மாட்டார்.