நூலகத்துக்கு அனுப்பும் இதழ்: வெறுமனேயா, உறையிலா?

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் நூலகங்களுக்கு வரும் சிற்றிதழ்களை நான் பார்த்த வரையில், சில எந்த உறையும் இல்லாமல் மேலட்டையிலேயே முகவரிச் சீட்டு ஒட்டப்பட்டு வருகின்றன. சில மெல்லிய பாலித்தீன் உறையிலும் சில பிரவுன் கவரிலும் வருகின்றன. பல மாத இதழ்களைச் சேர்த்து அட்டைப்பெட்டியில் அனுப்புகிறவர்களும் உண்டு. எது மலிவு என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். ஆண்டு முடிவில் அவற்றைப் பைண்டு செய்து அடுக்கில் வைக்கிறவர்களின் பக்கம் நின்று இங்கே ஒப்பிடுகிறேன்.

உறையே வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. எடை குறைவு, பிளாஸ்டிக் இல்லை, வேலையும் மிச்சம். வீட்டுச் சந்தாதாரருக்கு இது தாராளமாகப் போதும். படித்து முடித்த இதழ் அடுத்த மாதமே பழைய பேப்பர் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் போகக்கூடும். நூலகப் பிரதியின் கதை வேறு. 1887இல் சிங்கப்பூரில் வெளிவந்த ‘சிங்கைநேசன்’ என்ற தமிழ் இதழை இன்றும் ஆய்வாளர்கள் படிக்க முடிகிறதென்றால், யாரோ அதன் பிரதிகளைச் சேதமில்லாமல் காப்பாற்றியதுதான் காரணம்.

உறையில்லாமல் வரும் இதழில் கிழிசலைவிட என்னை அதிகம் வருத்துவது அந்த முகவரிச் சீட்டுதான். அண்மையில் கைக்கு வந்த ஒரு காலாண்டிதழில், பின்னட்டைக் கவிதையின் கடைசி வரிகளுக்கு மேல் சீட்டு ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினாலும் அட்டையின் மேல்தோல் நார்நாராகச் சீட்டோடு சேர்ந்து வருகிறது. அப்படியே விட்டால் கவிதைக்கு முடிவில்லை. பசையும் நாளடைவில் பழுப்பாக அட்டைக்குள் ஊறும். நடு மடிப்பில் கம்பிப் பின் அடித்த இதழ் என்றால் இன்னொரு சிக்கல். முன்னட்டையும் பின்னட்டையும் ஒரே தாள் என்பதால், வழியில் ஒன்று கம்பிப் பின்னிலிருந்து கிழிந்தாலே மற்றதும் கையோடு வந்துவிடும்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையை நனைக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை சிங்கப்பூரில் கொட்டுகிறது. ஆண்டின் கடைசி இதழ் இரண்டு முனையிலும் மழையைத் தாண்டித்தான் வரவேண்டும். சாதாரணத் தாள் நனைந்தால் அலைஅலையாக நெளிந்து காயும், படிக்கவாவது முடியும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் அதன் பூச்சு இளகிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்து உரியும். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

மழைக்கு எதிரே பாலித்தீன்தான் ஜெயிக்கிறது. ஏ4 அளவு இதழுக்கான மெல்லிய உறை ஏறக்குறைய 4 கிராம்தான். அதே அளவு காகிதக் கவர் 15 முதல் 20 கிராம் வரை வரும். ஆனால் பாலித்தீன் மடங்கலையும் மூலை நசுங்கலையும் தடுக்காது. வந்தவுடன் அதைப் பிரித்துவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஸ்டார்ச்சில் செய்த மட்கும் உறை நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போய், சாம்பல் குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவைச் சேர்கிறது. மட்கும் என்ற பலன் இங்கே கைக்கு வருவதில்லை.

பிரவுன் கவரின் பலம், உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தால்தான் முழுமையாகத் தெரியும். அச்சிட்டவற்றை உறையை மூடாமல் அனுப்பும் புக் போஸ்ட் என்ற அஞ்சல் முறையின் பழக்கத்தில் முனையைத் திறந்து விட்டு அனுப்பினால், அந்த முனையில்தான் இதழ் நைந்து வரும். குமிழ் உறை இதழுக்குத் தேவையில்லாத செலவு.

அட்டைப்பெட்டிதான் எல்லாவற்றிலும் பத்திரமானது. ஆனால் ஆறு மாத இதழ்கள் ஒன்றாக வரும்போது, நடுவில் ஓர் இதழ் விடுபட்டதே அன்றுதான் தெரியும். அதற்குள் சிற்றிதழின் பிரதிகள் தீர்ந்திருக்கும்.

ஆகவே என் தேர்வு, கெட்டி அட்டை வைத்து முழுதும் ஒட்டிய பிரவுன் கவர். அக்டோபர் முதல் ஜனவரி வரை அதற்குள் ஒரு பாலித்தீன் உறை. அவ்வளவுக்கு வசதியில்லாத சிற்றிதழ்க்காரர்கள் ஒரு வெள்ளைத் தாளை இதழைச் சுற்றி மடித்து, முகவரிச் சீட்டை அதன்மேல் ஒட்டினால் அட்டையாவது தப்பும். தனிநபர் சந்தாவைவிட நூலகச் சந்தாவைக் கூடுதலாக வைத்திருக்கும் இதழ்கள் உண்டு. அந்தக் கூடுதலுக்குள் ஒரு கவரின் விலை அடங்கும்.