நாளிதழ் உறுப்புகள் சார்ட்: 180 ரூபாய்க்குத் தகுமா?

தங்கை மகள் இதழியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக வாங்கிய சார்ட் இது. நாளிதழின் முதல் பக்கத்தையும் நடுப்பக்கத்தையும் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டுப் பெயரும் இரண்டு வரி விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். சப்-எடிட்டராகக் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நோண்டித்தான் பார்த்தேன்.

நடுப்பக்கம் பிரமாதம். தலையங்கம் பத்திரிகையின் கருத்து, அதனால் எழுதியவர் பெயர் வராது. பக்கத்தில் உள்ள கட்டுரை எழுதியவரின் சொந்தக் கருத்து, அதனால் பைலைன், அதாவது அவர் பெயர், உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தே புரியவைத்துவிட்டார்கள்.

முதல் பக்கத்தில்தான் சொதப்பல். 'லீட்' என்பதற்கு ஒரே அம்புக்குறி, அதுவும் பெரிய செய்தியை நோக்கி. செய்தியைத் திருத்தும் டெஸ்கில் பக்கத்தின் முதன்மைச் செய்தியும் லீட்தான், எந்தச் செய்தியானாலும் அதன் முதல் பத்தியும் லீட்தான். யார், எங்கே, எப்போது எல்லாம் அந்தப் பத்திக்குள் அடங்கிவிட வேண்டும். ராத்திரி கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து இடத்தைப் பிடித்தால், செய்தியின் வாலிலிருந்துதான் வெட்டுவோம், தலை தப்பிவிடும். முக்கியமானது மேலே, மற்றது கீழே என்கிற இந்த அமைப்புக்கு 'தலைகீழ் பிரமிடு' என்று முக்கோணம் வரைந்தவர்கள் இந்தக் காரணத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஓரத்தில் தனிக் கட்டம் போட்டு இம்ப்ரின்ட் வரியைச் சேர்த்தது நல்ல விஷயம். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் யார் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருமே, அதுதான். வாசகர் அதைச் சீண்டுவதில்லை. கேஸ் என்று வந்தால் வக்கீல் தேடுவது அந்த வரியைத்தான். ஆனால் விளக்கத்தில் 1867-ம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்கிறார்கள். அது போய், 2023-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது.

எனக்குக் கோபமே வந்தது வேறொன்றில். செய்தி மாதிரி வேஷம் போட்டு வரும் விளம்பரத்தின் மூலையில் சின்னதாக 'விளம்பரம்' என்று இருக்கும். அதற்கு அம்புக்குறியே இல்லை! விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறையே சொல்கிறது. முதலாண்டுப் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது அதுதான். மாஸ்ட்ஹெட்டின், அதாவது மேலே வரும் பத்திரிகைப் பெயரின், இருபுறமும் சின்னக் கட்டமாக வரும் இயர் பேனலையும் விட்டுவிட்டார்கள். சரி, அது போகட்டும்.

5-க்கு 3 கொடுக்கலாம். லேமினேஷன் கெட்டி, எழுத்தும் எட்ட நின்று படிக்கிற அளவு. குழாயில் சுருட்டி அனுப்புவதால் ஓரம் படிய மாட்டேன் என்கிறது. மெத்தைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மாட்டுங்கள்.