டாக்கர் தரவுக்கு எது நல்ல இடம்: வால்யூமா, பைண்ட் மவுண்டா?

காரைக்குடியில் ஆத்தங்குடி கல் விற்கும் கடை ஒன்றின் சர்வரை நான் கவனித்துக்கொள்கிறேன். ஆர்டர் கணக்குக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பூவேலை வடிவங்களைப் பார்வையிட ஒரு சிறு செயலி. இரண்டும் டாக்கர் கண்டெய்னரில், அதாவது செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டியில், ஓடுகின்றன. தொடக்கத்தில் அந்தச் செயலியின் படங்களுக்கு நிரந்தர இடம் ஒதுக்க மறந்திருந்தேன். புதிய பதிப்புக்காகப் பழைய கண்டெய்னரை நீக்கியபோது, அதற்குள் எழுதப்பட்டிருந்த படங்களும் கூடவே போயின. "தம்பி, எங்க மாமனார் காலத்து வடிவமெல்லாம் அதில்தானே இருந்தது?" என்று கடை ஆச்சி கேட்டார்கள். காகித மூலங்கள் பத்திரமாக இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்தோம்.

இப்போது படங்கள் பைண்ட் மவுண்டில் இருக்கின்றன. சர்வரின் கோப்புறை ஒன்றையே கண்டெய்னருக்குள் காட்டும் முறை இது. செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணையைப் போல, வெளியிலிருந்து வருகிறவரும் பொருளைக் கொண்டுவந்து வைக்கலாம். கடைப் பையன் புதுப் படத்தை நேராகப் போடுகிறான்; பிரதி எடுப்பதும் எளிது. ஆனால் கட்டளையில் மவுண்டைக் குறிக்க இரண்டு முறைகள் உண்டு. கோப்புறைப் பெயரில் ஓரெழுத்து பிழையானாலும் '-வி' (-v) முறை வாயைத் திறக்காமல் ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கிவிடும். '--மவுண்ட்' (--mount) முறை பிழை காட்டி நின்றுவிடும். அதனால் கட்டளை வரியில் நான் எழுதுவது எப்போதும் இரண்டாவதுதான். இன்னொன்று: இமேஜுக்குள் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) ஏற்கெனவே கோப்புகள் உள்ள இடத்தின் மேல் பைண்ட் மவுண்ட் வைத்தால் அவை மறைந்துபோகும். பெயரிட்ட புதிய வால்யூமோ (டாக்கரே நிர்வகிக்கும் சேமிப்பிடம்), காலியாக இருந்தால், அவற்றைத் தனக்குள் நகலெடுத்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸுக்கு அந்த வால்யூமே என் தேர்வு. அது உள்ளறைப் பெட்டகம், சாவி டாக்கரிடம். திண்ணையில் வைத்திருந்தால், டெபியன் லினக்ஸில் அமைந்த போஸ்ட்கிரெஸ் இமேஜ் கோப்புறையின் உரிமையை 999 என்ற பயனர் எண்ணுக்கு மாற்றிவிடும். விவரம் தெரியாத ஒருவர் அதைத் திருப்பி மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் தடுமாறும். பெட்டகத்தில் அப்படிக் கைவைக்க யாருக்கும் தோன்றாது. அதற்கும் ஓர் ஆபத்து உண்டு: பல கண்டெய்னர்களை ஒன்றாக இயக்கும் கம்போஸின் 'டவுன்' கட்டளையோடு '-வி' சேர்த்தால் வால்யூமும் அழிந்துவிடும். பைண்ட் மவுண்டுக்கு '-வி' ஒரு வசதி, இங்கே அதே எழுத்து கோடரி. டாக்கர் 23 முதல், பயன்படாத வால்யூம்களை நீக்கும் 'வால்யூம் புரூன்' வழக்கமாகப் பெயரற்றவற்றை மட்டுமே நீக்குகிறது. அது நல்ல மாற்றம்.

இன்னொரு வகையான டெம்ப்எஃப்எஸ் நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. கண்டெய்னர் நின்றால் போய்விடும். தற்காலிகக் கோப்புகளுக்கு அது போதும். ஒரே சர்வர் உள்ள கடைக்கு, வலையமைப்பு வழியே கோப்புறையைப் பகிரும் என்எஃப்எஸ் தேவையில்லை.

எந்த முறையானாலும், ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதை நான் நம்புவதில்லை. இரவில், தரவை ஒரு கோப்பாக எழுதித் தரும் 'பிஜி டம்ப்' எடுத்து, அந்தக் கோப்பைத் தேவகோட்டையில் ஆச்சியின் மகள் வீட்டு வன்தட்டுக்கு அனுப்புகிறேன். மாதம் ஒருமுறை அதைப் புதிய கண்டெய்னரில் ஏற்றி, கடைசி ஆர்டர் எண் சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன்.