ஸ்கார்ப்பியோவைக் கொடுத்த ஒன்பதாம் நாள், பள்ளிகொண்டா டோலிலிருந்து ஒரு மெசேஜ்

விடியற்காலை பால் பாக்கெட் எடுக்க எழுந்தவள் போனைப் பார்த்தேன். ராத்திரி 2.40-க்குப் பள்ளிகொண்டா டோலில் காசு பிடித்திருக்கிறது. அடுத்து வாணியம்பாடி, அதற்கடுத்து கிருஷ்ணகிரி. எங்கள் வண்டியோ வாசலில் பனியில் நனைந்துகொண்டு நிற்கிறது.

யாரோ பேங்க் கணக்கில் கை வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம்தான் உறைத்தது. வாசலில் நிற்பது புதிதாக வாங்கிய வண்டி. காசு பிடித்தது ஃபாஸ்டேக், டோலில் தானாகப் பணம் கட்டும் ஸ்டிக்கர்; அது பழைய ஸ்கார்ப்பியோவின் கண்ணாடியில் ஒட்டியது. 2021-ல் கட்டாயமாக்கியபோது என் கணக்கில், என் நம்பரில் நான்தான் எடுத்தேன். வண்டியைக் கொடுத்த அன்று அந்த ஸ்டிக்கர் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. அந்த மறதிதான் எங்களைக் காப்பாற்றியது. இல்லையென்றால் வண்டி எங்கே ஓடுகிறது என்றே தெரிந்திருக்காது.

ஸ்கார்ப்பியோ என் மாமனார் பெயரில் இருந்தது. 2010 டிசம்பர் ரிஜிஸ்ட்ரேஷன், டிஎன் 23, எங்கள் வேலூர் நம்பர். திருப்பதி, ஏலகிரி, ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை எல்லாம் அதில்தான் போய் வந்தோம். 2025 டிசம்பரோடு 15 வருஷம் முடிய இருந்தது, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குள் மாற்றிவிடலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் ஹைவே ஓரம் ஷெட் போட்டு இருபது வண்டி நிறுத்தியிருக்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்குப் போனோம். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

"பெரியவரே, 15 வருஷம் தாண்டினா கவர்மென்ட்டே உடைச்சிடும். டீசல் வேற. இப்பவே தள்ளி விட்டுடுங்க" என்றார் அங்கிருந்தவர். மாமா ரிட்டயர்டு வாத்தியார், சட்டம் என்றாலே நடுங்குவார். உண்மை வேறு. பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று பேச்சு வந்ததெல்லாம் டெல்லி சுற்றுவட்டாரத்தில்தான். நம் ஊரில் எஃப்சி பாஸானால் சொந்த வண்டிக்கு இன்னும் 5 வருஷம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள், பசுமை வரி தனி. வேண்டாத அவசரத்தில்தான் நாங்கள் விற்றோம்.

அடுத்தது விலை. இங்கேதான் கணக்குப் பிள்ளை மாதிரி வீட்டுச் செலவு எழுதும் நானே ஏமாந்தேன். "உங்க வண்டிக்கு 2.75 லட்சம் போட்டுக்கறேன் அக்கா, வெளியில எவனும் ரெண்டுக்கு மேல குடுக்க மாட்டான்." நாங்கள் பூரித்துப்போனோம். 2018 மாடல் எக்ஸ்யூவி 500-க்கு 7.40 சொன்னார். "மேல 4.65 போட்டா சாவி உங்க கையில." அதன் பிறகு பேச்சு முழுக்க அந்த 4.65-ஐச் சுற்றியே. கெஞ்சிக் கூத்தாடி 4.60-க்கு இறக்கினோம், சாதித்த சந்தோஷம் வேறு. அதே வருஷம், அதே மாடல் சத்துவாச்சாரியில் 6.25-க்குப் போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். பழசுக்கு 2.10-தான் கொடுத்திருந்தாலும் எங்களுக்கு 45 ஆயிரம் மிச்சமாகியிருக்கும். எக்ஸ்சேஞ்ச் என்று வாயைத் திறக்காமல் முதலில் புது வண்டியின் ரொக்க விலையை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். பழையதை அதன் பிறகு பேசலாம்.

வாங்கிய எக்ஸ்யூவியின் மீட்டரில் 62,000 காட்டியது. எங்கள் மெக்கானிக் கதவைத் திறந்து உட்காரக்கூட இல்லை, குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தார். "இன்னாக்கா, 62-தான் ஓடியிருக்குன்னா பெடல் ரப்பரை எதுக்குப் புதுசா மாத்தினான்?" டிரைவர் சீட்டின் வெளி ஓரம் நசுங்கிக் கிடந்ததையும் காட்டினார். சேஸிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸில் விசாரித்தால், 2022-லேயே 1,18,000 கிலோமீட்டரில் சர்வீஸ் ஆகியிருக்கிறது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். ஆனால் அப்போது அந்த ஷெட்டில் வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, மாமாவை விட்டு பூசணிக்காய் உடைக்கச் சொல்லி... போதும்.

இதெல்லாம் பணத்தோடு போகும். என் தூக்கத்தைக் கெடுத்தது பழைய வண்டிதான்.

கன்சல்டிங்குக்கு போன் போட்டேன். "அக்கா, அது அன்னிக்கே கைமாறிடுச்சு. தர்மபுரி பார்ட்டி. பேர் மாத்திடுவாங்க, டென்ஷன் ஆவாதீங்க." யார் அந்த பார்ட்டி? "புரோக்கரைக் கேட்டாத்தான் தெரியும்." மாமாவிடம், வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் பெயர், தேதி எதுவும் எழுதாமல் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கடைசியாக வாங்குபவர் பெயரை எழுதிக்கொள்ளலாம், நடுவில் எத்தனை கை மாறினாலும் காகிதத்தில் வராது. அதற்குத்தான் அந்த வெற்றுத் தாள். டெலிவரி நோட்டும் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டியை ஒப்படைத்தோம் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட எங்களிடம் கிடையாது.

அந்த வாரமே கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஓவர்ஸ்பீட் இ-சலான் (அபராத நோட்டீஸ்) வந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் கண்ணாடியில் என் மகன் கோணலாக ஒட்டிய வேல் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் வெள்ளை மூட்டைகள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பேரணாம்பட்டு வழியாகவும் காட்பாடி வழியாகவும் ஆந்திர எல்லை தாண்டும் ரேஷன் அரிசி வண்டிகள் பிடிபடும் செய்தி அடிக்கடி பேப்பரில் வரும். மூட்டையில் தவிடுகூட இருந்திருக்கலாம். ஆனால் ஆர்சியில் இருப்பது மாமா பெயர். விபத்து நடந்தாலும் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். ஆர்டிஓ பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். டீலரிடம் விடுவதற்கென்றே 2023 ஏப்ரல் முதல் தனி விதி இருக்கிறது. பழைய வண்டி வியாபாரி ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், வண்டியை அவரிடம் ஒப்படைத்தது 29சி படிவத்தில் ஆன்லைனில் பதிவாக வேண்டும். பதிவாகிவிட்டால் பொறுப்பு வியாபாரி தலைக்கு மாறிவிடும். இதை எங்கள் ஆளிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய ஷோரூமுக்குக்கா" என்றார். விதியில் பெரிய கடை, சின்ன கடை என்ற பேச்சே இல்லை.

பேங்கில் சொல்லி ஃபாஸ்டேக்கை முடக்கினேன். அதற்கு முன்னால் எல்லா டோல் மெசேஜையும் தேதியோடு பிரிண்ட் எடுத்தேன், வண்டி எங்கள் கையில் இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆர்டிஓவுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதை ஏற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்கினோம். அந்த ரசீதின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பிய அன்று சாயங்காலமே கன்சல்டிங்காரர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். 'புரோக்கரைக் கேட்கணும்' என்றவருக்கு அந்தத் தர்மபுரிக்காரர் நம்பர் மனப்பாடமாகவே இருந்தது. மூன்று வாரத்தில் பெயர் மாறியது. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் நானே நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

மாமாவுக்கு இன்ஷூரன்ஸில் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி) இருந்தது. அது வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம், கடிதம் வாங்கி அடுத்த வண்டிக்குக் கொண்டு போகலாம். நாங்கள் புதியதை வீட்டுக்காரர் பெயரில் எடுத்ததால் அதுவும் போச்சு. மீட்டர் விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் போட மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்கு 200 ரூபாய்தான் கட்டணம், இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது.

அந்த ஓவர்ஸ்பீட் சலான் மட்டும் இன்னும் மாமா பெயரில்தான் நிற்கிறது, 1,000 ரூபாய். கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமா சம்மதிக்கவில்லை. "பதினஞ்சு வருஷத்துல அறுபதைத் தாண்டினதில்லம்மா நான்" என்று அந்தத் தாளை பீரோவில் வைத்திருக்கிறார்.