தண்ணீர் முத்து முத்தாக உருண்டதைப் பார்த்து நம்பினேன்: சாஃப்ட் டாப் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். போனது மூன்று மாதச் சம்பளம். அதில் ஒரு மாதத்துப் பணம் அக்காவிடம் கைமாற்றாக வாங்கியது. பணம் போனாலும் கார் காய்ந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். காருக்குள் இப்போது முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் நிற்கிறது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்டிபிள் கார்களுக்குத் துணிக் கூரை (சாஃப்ட் டாப்) மாற்றுவதே தங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறை, அவ்வளவுதான். இதே மாதிரிப் பட்டறைக்கு நீங்கள் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது இரண்டு பேர் உட்காரும் பழைய கார். செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன், ஆனால் எத்தனையோ வருட ஆசை அது. மழை பெய்த மறுநாள் காலையில் கண்ணாடிகளின் உள்பக்கம் முழுக்க ஆவி படர்ந்திருக்கும். துடைத்துவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மங்கும். நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வீச்சம். பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைக் கையால் தடவினால் காய்ந்திருப்பதுபோல இருக்கும், குதிகாலை அழுத்தி ஊன்றினால் சாக்ஸ் நனைந்துவிடும். சீட் பெல்ட்டில் வெள்ளையாகப் பூசணம் பிடித்த அன்றுதான் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அந்தப் பட்டறைக்குப் போனேன்.

அந்த மனிதரை நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்களும் நம்புவீர்கள். கையைத் துணியில் துடைத்துக்கொண்ட பிறகுதான் கார்க் கதவைத் தொட்டார். கூரையின் தையலை விரலால் வருடியபடி ஒரு சுற்று வந்தார். "சார், இந்த மாதிரி வண்டியை ஆசைப்பட்டவங்கதான் வெச்சிருப்பாங்க"ன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பிறகு ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கூரையின் மேல் மெதுவாக ஊற்றினார். துணி அதை உறிஞ்சிக் கருத்தது. "பாத்தீங்களா, குடிக்குது. துணி செத்துப்போச்சு சார். கூரை மாத்தணும், சுத்தி இருக்கற ரப்பர் பீடிங் எல்லாம் மாத்தணும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள வந்தா என்னைக் கேளுங்க."

கண் முன்னால் துணி தண்ணீரைக் குடிக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. துணி வரவழைக்க வேண்டும், முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார். மூன்று மாதச் சம்பளம். கொடுத்தேன். 'கூரை வேலை, முழுவதும்' என்று ஒரே வரியில் ரசீது எழுதித் தந்தார். அதை மடித்துப் பத்திரமாக வேறு வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. கூரை கன்னங்கரேலென்று மின்னியது. மறுபடி அதே மக், அதே தண்ணீர். இந்த முறை ஒவ்வொரு துளியும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே ஒரு புளித்த வாடை அடித்தது, வினிகர் மாதிரி. கேட்டேன். "புது ரப்பர் வாசனை சார், நாலு நாள்ல போயிடும்." அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. முன்பு ஒரு பக்கம் மட்டும் இருந்த ஈரம் இப்போது இரண்டு பக்கமும். பிரேக் பிடித்தால் கதவுக்குக் கீழே, உடம்புத் தகட்டுக்குள், குடத்தில் தண்ணீர் அலம்புகிற மாதிரிச் சத்தம். திருப்பத்தில் இன்னொரு முறை அலம்பியது. மறுநாள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஏற மறுத்தது. அதற்கடுத்த நாள் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்து அணையவே இல்லை.

போன் செய்தேன். "புது பீடிங் சார், ரெண்டு மழை பட்டாதான் படியும்." ரெண்டு மழையும் பட்டது. "ஏசி தண்ணியா இருக்கும், அந்தக் குழாய் அடைச்சிருக்கும் பாருங்க." அந்த வாரம் முழுக்க நான் ஏசியே போடவில்லை. நேரிலேயே போனேன். "நீங்க கண்ணாடியை முழுசா ஏத்தியிருக்க மாட்டீங்க" என்றார். இந்த வகைக் காரில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி, மூடியதும் தானாக ஏறி ரப்பருக்குள் போய் உட்காரும். அது இப்போது ஏறாமல் நிற்கிறது என்றுதானே ஐயா புகாரே சொல்ல வந்தேன்! கடைசியாக அவர் சொன்னது: "பழைய வண்டி சார். துணிக் கூரைன்னா கொஞ்சம் வரத்தான் செய்யும்." ஒரு சொட்டு வராது என்று சொன்ன அதே வாய். அன்றைக்குப் பிறகு ஒரு பையன்தான் போனை எடுக்கிறான். "அண்ணன் வெளிய போயிருக்காரு." பின்னால் அண்ணன் பேசும் குரல் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

நேற்று வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். கூரையை அவர் பார்க்கவே இல்லை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். சீட்டைக் கழற்றினார். கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஃபோம். அதைப் பிழிந்தால் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. மேலே தடவிப் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று நான் நினைத்த நாளெல்லாம் அடியில் இது ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. சீட்டுக்கடியில் ஒயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்துக் காட்டினார், பின்கள் எல்லாம் பச்சையாகக் களிம்பேறியிருந்தன. ஜன்னலும் ஏர்பேக் விளக்கும் ஏன் என்று அப்போது புரிந்தது.

பிறகு சீட்டுக்குப் பின்னால், கூரைத் துணி உடம்போடு சேருமிடத்தில் டார்ச் அடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. கூரையில் வழியும் மழைத் தண்ணீர் அதில் சேர்ந்து, இரண்டு மூலையிலும் உள்ள ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கிக் காருக்கு அடியில் போய்விட வேண்டும். துணிக் கூரைக் காரின் அமைப்பே அப்படித்தானாம். என் காரில் ஒரு மூலையில் மக்கிய இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. ஆரம்பத்தில் ஒழுகியதற்கு அது ஒன்றே காரணம். அதைத் தோண்டி எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த அடைப்பின் மேலேயே சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருக்கிறார்கள். நன்றாக இருந்த இன்னொரு மூலையின் ஓட்டையையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள். தண்ணீர் போக வழியே இல்லாமல் இரண்டு பக்கமும் நிரம்பி உள்ளே கொட்டியிருக்கிறது. அந்தப் புளித்த வாடை புது ரப்பர் வாசனையே இல்லை. ஒரு வகைச் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருப்பதும் அதுதான். பெயின்ட் போன தகட்டில் பட்டால் துருவைக் கிளப்பிவிடும். ஒருமுறை அப்பிவிட்டால் அதன்மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு மேலும் இருக்கிறது. கூரை புதிதே இல்லை. அது என் பழைய துணி! ஓரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையில் பழைய ஸ்டேப்பிள் பின்கள் துருவோடு அப்படியே இருந்தன. மடிப்பு விழுந்து வெளுத்த கோடுகள் சாயத்துக்கு அடியில் தெரிந்தன. துணிக்குச் சாயம் ஏற்றி, நீர் ஒட்டாத ஸ்ப்ரே அடித்து, பீடிங்குக்குக் கறுப்பு பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சாயத்துக்கும் பாலிஷுக்கும் மூன்று மாதச் சம்பளம்.

ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். இந்த வகைத் துணி மூன்று அடுக்கு. வெளியே பெரும்பாலும் அக்ரிலிக் நெசவு ('மொஹேர்' என்று அழைப்பதும் பொதுவாக இதைத்தான்), நடுவில் ரப்பர், உள்ளே மெல்லிய துணி. தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர். வெளித்துணி தண்ணீரை உறிஞ்சினால் மேல் பூச்சு தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம், கூரை ஒழுகுகிறது என்று அர்த்தமில்லை. அதேபோல முத்து முத்தாக உருண்டால் பூச்சு புதிது என்றுதான் அர்த்தம், கார் ஒழுகாது என்று அர்த்தமில்லை. முதல் நாள் ஊற்றிய மக் தண்ணீரும் எதையும் காட்டவில்லை, கடைசி நாள் ஊற்றியதும் எதையும் காட்டவில்லை. இரண்டையும் பார்த்துத் தலையாட்டினேன்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று உடனே சொல்வார்கள். 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4-ல் வடிகால் அடைத்துக் கூரையை மடக்கும் மோட்டாரே மூழ்கிப்போவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊர் உலகத்துக்குத் தெரிந்தது, கூரை வேலையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். அரை மணி நேர வேலைக்கு மூன்று மாதச் சம்பளம் கேட்க முடியாது, அதனால்தான் சொல்லவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுத இப்போது மனசு நிலையில் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் யாரையும் கூரையில் கை வைக்க விடாதீர்கள். ஹோஸில் மெல்லிய தண்ணீர், கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே ஒருவர் டார்ச்சோடு, அவ்வளவுதான் சோதனை. பிரஷர் வாட்டர் வேண்டவே வேண்டாம். வடிகாலில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழியும். வளையும் நைலான் நரம்பு போதும், காற்றை வேகமாக அடித்தாலும் குழாய் கழன்றுவிடும். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் பசை விட்டிருந்தாலும், முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்திருந்தாலும் தரை இதே மாதிரிதான் நனையும், அதையும் பாருங்கள். பழைய துணியையும் பழைய ரப்பரையும் கையில் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரசீதில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக இருக்கட்டும். சிலிக்கான் டியூபை யாராவது கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்று காலையும் அந்தப் பட்டறைக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. கார்ப்பெட்டையும் ஃபோமையும் வெளியே நிறுத்திவைத்திருக்கிறேன். காருக்குள் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடுகிறது. நேற்று ராத்திரியிலிருந்து மூன்று முறை அதன் தொட்டியைக் காலி செய்தாயிற்று. இப்போது மறுபடி நிரம்பிவிட்டது என்று சத்தம் போடுகிறது, போய்க் கொட்ட வேண்டும்.