பாட்டு கேட்க என்று கேட்டேன், வாய்ஸ் ரெக்கார்டரைக் கட்டிக் கொடுத்தார்கள்

அப்பாவுக்குப் பாட்டு கேட்க ஒரு கையடக்க பிளேயர் வாங்கப் போய் ஏமாந்திருக்கிறேன். வயதான பெற்றோருக்கு எம்பி3 பிளேயர் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள், முக்கியமாக மெமரி கார்டு பற்றிய பகுதியை. பணமாகப் போனது 3,200 ரூபாய். அதைவிடப் பெரியது ஒன்றும் போனது.

அப்பாவுக்கு 76 வயது. தொடுதிரை போன் அவருக்குச் சரிவரவில்லை. ஆலாபனை நடுவில் யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். மறுபடி எங்கே தட்டுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால் பொத்தான் வைத்த சின்ன பிளேயர், ஹெட்போன் சொருக 3.5 மி.மீ. துளை, கார்டு போடும் இடம், இவ்வளவுதான் தேவை. பதிவு செய்யும் வசதி வேண்டவே வேண்டாம்.

போன ஆடியில் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்கே பல வருடமாக நான் பொருள் வாங்கும் நல்ல கடைகள் உண்டு, தெருவையே குறை சொல்ல வரவில்லை. இது உள்சந்தில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சிறிய கடை. "பாட்டு கேட்க மட்டும்தான் அண்ணா, ரெக்கார்டிங் வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னேன். முதலில் ஒரு ஐபாடை நீட்டி, "புதுசு மேடம், சீல் பிரிக்காதது" என்றார். ஐபாடை ஆப்பிள் 2022 மே மாதமே நிறுத்திவிட்டது. அது எனக்குத் தெரியும் என்பதால் வேண்டாம் என்றேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது கறுப்பு உலோக உடம்புடன் ஒல்லியான ஒரு கருவி. பெட்டியில் பெரிய எழுத்தில் 1536 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் ஒலித் தரவு என்ற கணக்கு) என்று போட்டிருந்தது. "எம்பி3 எல்லாம் 320தான் மேடம். சிடியே 1411தான். இது 1536, பாத்துக்கோங்க" என்றார். அந்த எண்கள் எல்லாமே சரியானவை. அதனால்தான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. 1536 என்பது அந்தக் கருவி தன் மைக்கில் வரும் ஒலியைப் பதிவு செய்யும் வேகம். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், பெருக்கினால் 1536 கிலோபிட். நீங்கள் ஏற்றும் 320 கேபிபிஎஸ் பாட்டு எதில் போட்டாலும் 320 கேபிபிஎஸ்தான். அது காதுக்கு எப்படி வந்து சேரும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஒலிச் சிப்பும் ஹெட்போனை இயக்கும் பெருக்கியும். அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரி கூட இல்லை. எனக்குக் கிடைத்தது மீட்டிங்கிலும் வகுப்பிலும் பேச்சைப் பதிவு செய்ய வைத்திருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர்.

இந்த இரண்டும் வேறு வேறு பொருள் என்பதற்கு வாக்மேனின் பிறப்பே சாட்சி. 1979இல் சோனி முதல் வாக்மேனைச் செய்தபோது, நிருபர்கள் வைத்திருந்த பிரஸ்மேன் என்ற சிறிய டேப் ரெக்கார்டரைத்தான் எடுத்துக்கொண்டது. பதிவு செய்யும் பகுதியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவாகக் கேட்கும் வசதியை வைத்தது. எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்.

அப்பா குறை சொல்லும் ஆள் இல்லை. முதல் நாள் கேட்டுவிட்டு, "தம்புரா பக்கத்துல மழை பெய்யற மாதிரி இருக்கும்மா" என்றார். நான் வாங்கிப் போட்டுக் கேட்டேன். ஆலாபனையின் மெல்லிய இடங்களில் எல்லாம் உஸ்ஸென்று ஒரு இரைச்சல். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும் அடிக்குக் கனமே இல்லை. ஒரே கச்சேரியைப் பகுதி பகுதியாக வெட்டி வைத்த கோப்புகளில், ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம், இரண்டு நொடி மௌனம். தமிழில் வைத்த பெயர்கள் திரையில் வெறும் கட்டங்கள். பெயர் வரிசையை விட்டுவிட்டு, கார்டில் ஏற்றிய வரிசையில் பாடியது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி முதல் பாட்டு. ஒரு மணி நேரக் கச்சேரியைத் தினமும் முதலிலிருந்து கேட்பார், பாவம்.

சரி, இதோடு போயிருந்தால் 3,200 ரூபாய்ப் பாடம் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெட்டியோடு 64 ஜிபி கார்டு ஒன்றை "ஃப்ரீ மேடம்" என்று கொடுத்திருந்தார்கள்.

அப்பா ஒரு காலத்தில் திருச்சி வானொலியிலிருந்து பதிவு செய்த 90 நிமிடக் கேசட்டுகள் 11 இருந்தன. நாடா பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் பணம் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றினோம். 22 பக்கம், 16 மணி நேரத்துக்கு மேல். கேசட்டுகளைப் பிறகு தூக்கிப் போட்டாயிற்று. கார்டில் ஃபோல்டர்களை எல்லாம் முதலில் உருவாக்கிவிட்டு, சினிமாப் பாட்டு, கச்சேரிகள் என்று மொத்தம் 41 ஜிபி ஏற்றினேன். கடைசியாகத் திருச்சி ஃபோல்டர். லேப்டாப்பில் இடம் இல்லாததால் அதை மட்டும் நகல் எடுக்காமல் அப்படியே நகர்த்தினேன். கணினி ஒரு பிழையும் காட்டவில்லை.

மூன்றாவது வாரம் அப்பா சொன்னார்: "பாட்டு பேர் எல்லாம் இருக்கு. பாட்டு இல்ல."

போலி கார்டு வேலை செய்வது இப்படித்தான். உள்ளே இருப்பது 8 ஜிபி. கணினி கேட்டால் 64 என்று சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள். 8 நிறையும் வரை எல்லாம் ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் போவது எங்கேயும் எழுதப்படாது, அல்லது பழையதன் மேல் எழுதப்படும். பெயர்ப் பட்டியல் தொடக்கப் பகுதியில் பதிந்துவிட்டதால் அது மட்டும் தப்பித்து, எல்லாம் பத்திரமாக இருப்பது போலக் காட்டும். தரவு மீட்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். "அழிஞ்சிருந்தா தேடலாம்மா. இதுல எழுதவே இல்லையே" என்றார். லேப்டாப்பில் இருந்ததும் அதற்குள் மீட்க முடியாதபடி போய்விட்டது.

கடைக்குத் திரும்பப் போனேன். கார்டு இலவசமாகக் கொடுத்தது, அதற்கு வாரண்டி இல்லை என்றார்கள். கருவி? "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று, நான் முறையிட்டுக்கொண்டிருந்ததையே அதில் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டினார். என் குரல் சுத்தமாகக் கேட்டது. பில்லைக் கேட்டேன். கையில் இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட சீட்டு. கடை பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று அன்று சொன்னதால் நானும் வற்புறுத்தவில்லை. யுபிஐயில் பணம் போனதும் யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு.

பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் முறையான பில் கையில் இருந்தால்தான் பேச்சுக்கு வலு. அந்த 18 சதவீதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் ஹெட்போனையும், உங்கள் பாட்டு உள்ள கார்டையும் கொண்டுபோங்கள். முதலில் ஒலியைக் கூட்டி வைத்துத் தம்புரா மட்டும் கேட்கும் இடத்தைப் போடுங்கள், இரைச்சல் அங்கேதான் பிடிபடும். அப்புறம் இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் கிடார் என்று பிரிந்து வரும் ஒரு 80களின் சினிமாப் பாட்டு. இரண்டு காதிலும் ஒன்றே கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பாதியில் அணைத்து மறுபடி போட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா பாருங்கள். தமிழ்ப் பெயர் தெரிகிறதா பாருங்கள். பெட்டியில் மைக், மீட்டிங், ரெக்கார்டிங் என்ற சொற்கள் முன்னால் நின்றால் அது உங்களுக்கான பொருள் இல்லை.

கார்டைத் தனியாக, பில்லோடு வாங்குங்கள். வாங்கியதும் அதில் எதையும் ஏற்றுவதற்கு முன் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஓட விடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 இருக்கிறது. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். என் கார்டில் அது காட்டிய உண்மைக் கொள்ளளவு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு.

இப்போது அப்பாவிடம் வேறு பிளேயர் இருக்கிறது. கேட்பதற்கென்றே செய்தது, மைக்கே கிடையாது. அதே ஒலிபரப்புகளைப் பதிவு செய்த அவருடைய நண்பர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், நாலைந்து கேசட் இன்னும் வைத்திருக்கிறாராம். தை பிறந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.